பாகம்பிரியாள் பார்க்காத முடிவு

திருவண்ணாமலையில் பகல் ஆட்டம் சினிமாவுக்குப் போய், ஒரு படத்தின் முடிவைக்கூடப் பார்க்காமல் எழுந்து வந்த ஒரே மனுஷி பாகம்பிரியாளாகத்தான் இருக்க வேண்டும். ஒன்றிரண்டு படமில்லை, வருஷக்கணக்காக வந்த படம் அத்தனையும். கதாநாயகி கிணற்றங்கரையில் நின்று அழுதுகொண்டிருப்பாள், வில்லன் கத்தியை உருவியிருப்பான், இவள் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு பெஞ்சுகளுக்கு நடுவே முழங்காலை இடித்துக்கொண்டு வெளியே ஓடுவாள். மறைக்கிறாளே என்று பின்னால் இருப்பவர்கள் திட்டுவார்கள். திட்டட்டுமே, அவளுக்கு வேறு என்ன வழி?

அவள் வீட்டுக்காரர் சாம்பமூர்த்தி குருக்கள், அண்ணாமலையார் கோயிலில் பூஜை முறை உள்ளவர். உச்சிக்காலப் பூஜை முடித்து, சாப்பிட்டுப் படுத்தாரானால் நாலரை மணிக்குத்தான் கண் விழிப்பார். விழித்ததும் சாயரட்சைப் பூஜைக்குக் கிளம்ப வேண்டும். அதற்குள் பாகம்பிரியாள் தலைக்குக் குளித்து, தண்ணீர் இழுத்து வைத்து, கொடியில் காயும் மடி வேஷ்டியைக் கோலால் எடுத்துக் கொடுக்கத் தயாராக நிற்க வேண்டும். சினிமாக் கொட்டகையோ ஊரெல்லாம் வெற்றிலை துப்பி, உட்கார்ந்து எழுந்த இடம். அங்கே போன உடம்போடு சுவாமிக்குப் பூஜை செய்கிறவரின் வேஷ்டிப் பக்கம் போக முடியுமா? நாலு மணிக்கு எழுந்து ஓடினால்தான் குளியலுக்கு நேரம் சரியாக இருக்கும். படமோ ஐந்துக்கு முன்னால் முடியாது.

இவ்வளவு பயந்துகொண்டு ஏன் போகவேண்டும் என்று கேட்பீர்கள். போகாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். கல்யாணமாகிப் பல வருஷமாயிற்று, வீட்டில் ஒரு குழந்தை இல்லை. மத்தியானம் முழுக்க ஒரு மனுஷனின் குறட்டையைக் கேட்டுக்கொண்டு எத்தனை நாள் உட்கார்ந்திருப்பாள், பாவம்!

போவதற்கு ஒரு சாக்கும் கிடைத்தது. திருவூடல் தெருவில் அச்சாபீஸ் வைத்திருந்த ஆதிமூலம், கல்யாணப் பத்திரிகையோடு கொட்டகைக்கு நோட்டீசும் சினிமாப் பாட்டுப் புத்தகமும் போடுகிறவர். பாட்டுக்கு முன்னால் ஒரு பக்கம் கதைச் சுருக்கம் வேண்டும். அவர் மனைவியோடு கோயிலில் பேசிப் பழகிய குருக்களம்மா நன்றாக எழுதுவாள் என்று அவர் காதில் விழுந்தது. கொட்டகைக்காரன் தரும் ஓசிப் பாஸ் ஒன்றை மனைவியிடம் கொடுத்தனுப்பினார். மறுநாளே கதைச் சுருக்கம் வந்துவிட்டது. அன்று பிடித்தது இந்தப் பைத்தியம். குருக்களுக்குத் தெரியாது. கோயில் தெருவில் யாருக்குமே தெரியாது. அச்சில் 'அண்ணாமலைதாசன்' என்று ஆதிமூலமே ஒரு பெயரைப் போட்டுக்கொண்டார்.

முடிவைப் பார்க்காதவள் எப்படிக் கதை எழுதினாள்? அங்கேதான் இருக்கிறது சூட்சுமம். எந்தப் பாட்டுப் புத்தகத்திலும் கதை பாதியில் நின்று, 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று முடியும். இந்த வரியைக் கண்டுபிடித்த புண்ணியவான் நன்றாயிருக்கட்டும் என்று பாகம்பிரியாள் மனசார வாழ்த்துவாள். முடிவே தேவைப்படாத எழுத்து! ஆதிமூலத்துக்கும் சந்தேகம் வரவில்லை. அவருக்கு மை வாசனையைத் தவிர வேறொன்றும் பிடிக்காது, சினிமாப் பக்கமே போகமாட்டார்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் வந்தது வினை. ஆசிரமத்துப் பக்கம் செங்கம் ரோட்டில் வாடகை அறையில் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்கார அம்மாள், ஏதோ அச்சடிக்க வந்தவள், ஊருக்குத் திரும்பும்போது ஆதிமூலத்தின் குழந்தைகளுக்கு ஒரு படப் புத்தகம் கொடுத்துவிட்டுப் போனாள். பக்கத்துக்குப் பக்கம் காது நீண்ட ஒரு துணிப் பொம்மை.

ஆதிமூலம் அதைத் தூக்கிக்கொண்டு குருக்கள் வீட்டுக் கொல்லைப்புறம் வந்துவிட்டார். "குருக்களம்மா, இத்தப் பாருங்க. அவங்க ஊர்ல டெலிவிஷன்னு ஒண்ணு இருக்குதாம். வூட்டுக்குள்ளயே சினிமா மாதிரி ஓடுமாம். அதுல வர்ற பொம்மையாம் இது. பொம்மையைப் பார்த்த புள்ளைங்க புத்தகத்தையும் வாங்குதுங்களாம்!"

"ஆத்துக்குள்ளேயே சினிமாவா?" என்று பாகம்பிரியாள் வாயைப் பிளந்தாள். அப்படி ஒன்று தனக்கிருந்தால் மடிக்குப் பங்கமாகுமா ஆகாதா என்றுகூட அவள் மனசு ஒரு கணக்குப் போட்டது.

"நம்ப கொட்டகையில இப்ப ஒரு பொம்மைப் படம் ஓடுது பாருங்க, குடும்பப் படம், ஜனம் அடிச்சிக்குது. அந்தக் கதையைக் கொழந்தைங்களுக்குன்னு முழுசா எழுதிக் குடுங்க. படம் ஓடுறப்பவே போட்டுடணும். ஆனா இதுல 'வெள்ளித்திரையில் காண்க' எல்லாம் ஆவாதுங்க, ஆமா. கொழந்தைங்க அழும்."

முழுசாகவா? கடைசி மூணு நாலு ரீல் பார்த்ததில்லை என்று இத்தனை வருஷம் கழித்து எந்த வாயால் சொல்வாள்? தெருவில் யாரையாவது கேட்கலாம் என்றால், உனக்கெதற்கடி சினிமாக் கதை என்ற கேள்வி வரும். வாயை மூடிக்கொண்டு சரி என்று தலையாட்டிவிட்டாள்.

அந்தப் படத்தின் கதை இது. சின்னப் பெண் குழந்தை ஒன்று. அதன் அம்மா உடம்பு சரியில்லாமல் ரயிலேறிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறாள், திரும்பவில்லை. அப்பா கையில் மாட்டி ஆட்டும் மிட்டு என்ற பொம்மை குழந்தையோடு பேசும். "அழாதே, அம்மா வந்துடுவா" என்று தினமும் சொல்லும். வீட்டுக்குச் சித்தி ஒருத்தி வருகிறாள். குழந்தை அவளை அண்டவிடாமல் ரயிலடியில் போய்ப் போய் நிற்கிறது. பாகம்பிரியாள் பார்த்தது அதுவரைக்கும். அப்புறம் மணி நாலு.

குடும்பப் படமென்றால் கடைசியில் எல்லோரும் வரிசையாக நின்று சிரிக்கத்தானே செய்வார்கள்? மிட்டுவே வாக்குக் கொடுத்திருக்கிறது. அப்படியிருக்கும்போது அம்மா வராமல் எப்படி? பாகம்பிரியாள் அடுப்பங்கரையில் உட்கார்ந்து எழுதினாள். ரயில் வந்து நிற்கிறது. மிட்டுதான் முதலில் பார்க்கிறது. அம்மா இறங்கி ஓடிவந்து குழந்தையை வாரி அணைத்துக்கொள்கிறாள். சித்தி நமஸ்காரம் செய்துவிட்டுத் தன் ஊருக்குப் போய்விடுகிறாள். எழுதி முடித்தபோது பாகம்பிரியாளுக்கே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவ்வளவு திருப்தி. சித்திக்காரி என்ன ஆவாள் என்று அவள் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

'மிட்டு' புத்தகம் கொட்டகை வாசலிலும் தேரடிக் கடைகளிலும் நன்றாகப் போயிற்று. ஆதிமூலத்துக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த பொம்மைக்கு அவர் படம் தேட ஆரம்பித்திருந்தார்.

வேங்கிக்காலிலிருந்து ஜோதியம்மாள் என்றொருத்தி காலையில் குருக்கள் வீட்டுக்கு வாழை இலை கொண்டுவந்து போடுவாள். வேர்க்கடலை மண்டியில் மூட்டை தூக்கும் பரசுராமனுக்கு இரண்டாம் தாரமாக வாழ்க்கைப்பட்டு ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மூத்தவளின் மகள் திரௌபதி, ஒன்பது வயசு, பள்ளிக்கூடம் போகிறவள். அந்தப் பெண்ணைப் பற்றி ஏதாவது சொல்லாமல் ஜோதியம்மாள் இலைக்கட்டை இறக்கினதே கிடையாது. இன்னிக்குத் தலை வாரிவிட ஒத்துக்கிச்சு, இன்னிக்குச் சின்னம்மான்னு கூப்பிட்டுச்சு என்று முகமெல்லாம் பல்லாக வந்து நிற்பாள்.

அன்று வந்தவள் முகத்தில் அந்தச் சிரிப்பில்லை. இலைக்கட்டின்மேல் ஒரு சின்னப் புத்தகத்தை வைத்தாள். அட்டையில் மிட்டு.

"குருக்களம்மா, எனக்குப் படிக்கத் தெரியாது. இதுல இன்னா எழுதிக்கீதுன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்கம்மா."

பாகம்பிரியாள் அட்டையைத் தொடாமலே கேட்டாள். "ஏன், என்ன ஆச்சு?"

"நான் போன வாரம் இந்தப் படம் பார்த்தேம்மா. எங்க ஊட்டுக் கதையேதான்! திரௌபதியோட அம்மாவும் வேலூர் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறிப் போனவங்கதான், அங்கியே முடிஞ்சிபோச்சு, அங்கியே அடக்கம் பண்ணிட்டாங்க. கொழந்தை கண்ணால பார்க்கல, அதனால நம்பவும் இல்ல. படத்துல கடைசியில அந்த அப்பா பொம்மையைக் கீழ வெச்சிட்டு, இவ்ளோ நாளா பேசினது நான்தான், அம்மா செத்துட்டாங்கன்னு சொல்றாரு. அந்தப் பொண்ணு அழுது அழுது, அப்புறம் சித்தியைப் பார்த்து அம்மான்னு கூப்பிடுது. நான் கொட்டகையிலயே ஓன்னு அழுதுட்டேன். கொட்டகை இருட்டுக்குக் கொழந்தை பயப்படும், புத்தகமாவது படிக்கட்டும், எங்களுக்கும் ஒரு வழி பொறக்கும்னு என் கையாலதாம்மா வாங்கிக் குடுத்தேன்."

"படிச்சாளா?"

"படிச்சதுலேருந்துதான் இப்படி ஆயிட்டா. சின்னம்மான்னு கூப்பிடறதில்ல. என் கையால குடுத்தா சோறு துன்றதில்ல. பள்ளிக்கூடம் உட்டதும் வேலூர் ரோட்டாண்ட போயி நிக்கிறா. பஸ் வந்தா ஓடிப்போயி ஒவ்வொரு மூஞ்சியா பார்க்கிறா. கேட்டா, நீ எப்போ உங்க ஊருக்குப் போவேன்னு என்னையே கேக்கிறா. அப்படி இன்னாதாம்மா எழுதிக்கீது இதுல?"

பாகம்பிரியாள் புத்தகத்தைப் பிரித்தாள். கடைசிப் பக்கம் தானாகவே திறந்துகொண்டது. அத்தனை தடவை புரட்டியிருக்கிறது அந்தப் பெண். தன் எழுத்து தன் முன்னால், அச்சில், அழகாக நின்றது. உள்ளபடி படித்தால், எழுதினவன் யார் என்று கேட்டுக்கொண்டு இவள் அச்சாபீசுக்குப் போவாள், ஆதிமூலம் வெள்ளந்தி மனுஷன், சொல்லிவிடுவார். சொன்னால் தெருவுக்குத் தெரியும், கோயிலுக்குத் தெரியும். சினிமாக் கொட்டகையில் உட்கார்ந்து எழுந்தவள் எடுத்துக் கொடுத்த வேஷ்டியோடா இத்தனை வருஷம் கர்ப்பக்கிருகத்துக்குள் போனார் என்று குருக்களை நிற்கவைத்துக் கேட்பார்கள். அவர் பூஜை முறையையே பிடுங்கிக்கொண்டாலும் பிடுங்கிக்கொள்வார்கள்.

"படத்துல இருக்கறாப்லதான் இருக்கு ஜோதி" என்றாள்.

ஜோதியம்மாள் புத்தகத்தை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, "அப்போ அவளுக்கு என்னைத்தான் புடிக்கல" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

படுபாவி, படுபாவி என்று பாகம்பிரியாள் தன்னையே வைதுகொண்டாள். சாப்பாடு இறங்கவில்லை. கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று தினமும் காலையில் நினைப்பாள், இலைக்கட்டு வந்ததும் காசைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். ஜோதியம்மாள் இப்போது பெண்ணைப் பற்றி எதுவும் பேசுவதில்லை. இலையைப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் கன்னம் வீங்கியிருந்தது.

"நாளையிலேருந்து வேற யாருகிட்டயாவது இலை சொல்லிக்கங்கம்மா. நான் எங்க அம்மா ஊட்டுக்குப் போறேன், கீழ்பென்னாத்தூருக்கு."

"என்னடி இது கன்னத்துல?"

"நேத்து அவ வேலூர் பஸ்லயே ஏறிட்டா. அம்மாவைக் கூட்டிவரப் போறாளாம். போளூர்ல கண்டக்டர் பார்த்து, எறக்கி, வேற பஸ்ல அனுப்பி வெச்சாரு. புண்ணியவான். வேற எவன் கையிலயாவது மாட்டியிருந்தா? அவரு ஊட்டுக்கு வந்து, ஒரு பொண்ணைப் பார்த்துக்கத் தெரியல, நீ எதுக்குன்னு அடிச்சிட்டாரு. போயிடுன்னாரு. நீ போனா எங்கம்மா வருவாங்கன்னு அவளும் சொல்றா." ஜோதியம்மாளுக்கு அழுகைகூட வரவில்லை. "நான் யாருக்கும்மா இன்னா கெடுதல் பண்ணேன்?"

அதற்குமேல் பாகம்பிரியாளால் தாங்க முடியவில்லை. கொல்லைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "ஜோதி, நான் பொய் சொன்னேண்டி. அந்தப் புத்தகத்துல அம்மா வந்துடறா. சித்தி போயிடறா. அதை எழுதினதே நான்தான்."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். மடி, பாதிப் படம், நாலு மணி எல்லாம் சொன்னாள்.

"முடிவு தெரியாமயே எழுதினீங்களா?" என்றாள் ஜோதியம்மாள். "அன்னிக்குக் கேட்டனேம்மா! இந்தப் படியில நின்னு கேட்டனே! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா... உங்களை எப்பேர்ப்பட்டவங்கன்னு நெனைச்சேன், தூ!"

"என்னை என்ன வேணாத் திட்டு. நான் என்ன பண்ணணும், அதைச் சொல்லு."

"எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப் போவுது? அவகிட்டச் சொல்லுங்க. நான் சொன்னா நம்பமாட்டா. படிச்சவங்க எழுதினதுதான் நெஜம்ன்றா."

அந்த ஞாயிறோடு படத்தைத் தூக்குகிறார்கள். மத்தியான ஆட்டத்துக்குத் திரௌபதியைக் கூட்டிவரச் சொன்னாள் பாகம்பிரியாள். கடைசிவரை கூட உட்காருகிறேன் என்றாள். ஜோதியம்மாள் சரியென்று தலையை மட்டும் ஆட்டினாள்.

குருக்கள் சாப்பிட்டுக் கையலம்பும்போது பாகம்பிரியாள் அவரெதிரில் போய் நின்றாள்.

"நான் சினிமாவுக்குப் போறேன். வர அஞ்சு மணிக்கு மேல ஆகும். மடி வேஷ்டி கொடியில இருக்கு, இன்னிக்கு நீங்களே எடுத்துக்கோங்கோ."

"என்னது?" என்றார் சாம்பமூர்த்தி குருக்கள். காதில் விழவில்லை என்று நினைத்தார்.

அவள் மறுபடி சொன்னாள். இத்தனை வருஷமாகப் போய்க்கொண்டிருப்பதையும் சொன்னாள். புத்தகத்தைச் சொன்னாள். பஸ்ஸில் ஏறிப்போன பெண்ணைச் சொன்னாள். அவர் கை அப்படியே ஈரத்தோடு நின்றது.

"ஸ்வாமியைத் தொடறவன் ஆத்துல இருந்துண்டு... பாவி, எனக்கு இந்தக் கோயில்ல மூஞ்சி வேண்டாமா?"

"குளிச்சுட்டுதான் எடுத்துக் கொடுத்தேன், ஒருநாள் தப்பல. ஆனா அந்தக் குழந்தை வேலூர் ரோட்டுல நின்னுண்டிருக்கு. நான் போகணும்."

"போயிட்டு எந்த முகத்தோட இந்தப் படியேறுவே?"

"இதே முகத்தோடதான்" என்றாள் அவள். அவளுக்கே அது தன் குரலாகத் தோன்றவில்லை. அதன்பிறகு தீபத் திருவிழா வரை அவர் அவளோடு பேசவில்லை. ஆனால் அந்தக் கணத்தில் அதெல்லாம் அவளுக்குப் பொருட்டாக இல்லை. தலைப்பைப் போர்த்தாமல் தெருவோடு நடந்து போனாள்.

பெண்கள் பக்கத்தில் மூவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நடுவில் திரௌபதி, மடியில் புத்தகம். பொம்மை திரையில் வந்ததும் குழந்தையின் முகம் மலர்ந்தது. மிட்டு சொல்லப் போவதை முன்கூட்டியே உதட்டசைத்துச் சொன்னாள். அத்தனையும் மனப்பாடம்.

வழக்கமாக எழுந்துபோகும் இடம் வந்தது. கால் தானாகவே பரபரத்தது. உட்கார்ந்திருந்தாள். திரையில் அப்பா பொம்மையைக் கையில் மாட்டினார். அதன் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. பிறகு அதைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டுக் குழந்தையைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு தன் சொந்தக் குரலில் பேசினார். கொட்டகை முழுக்க மூக்கைச் சிந்தியது. இதைப் பார்க்காமலா எழுதினேன், இதைப் பார்க்காமலா என்று பாகம்பிரியாள் வாயில் தலைப்பை அடைத்துக்கொண்டாள். திரௌபதி மட்டும் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். திரைக் குழந்தை சித்தியை அம்மா என்று கூப்பிட்டது. படம் முடிந்தது. விளக்கைப் போட்டார்கள்.

ஜனம் எழுந்து போக ஆரம்பித்தது. திரௌபதி எழுந்திருக்கவில்லை.

"வா கண்ணு, போலாம்" என்றாள் ஜோதியம்மாள்.

"இன்னும் முடியல. புத்தகத்துல இன்னும் ரெண்டு பக்கம் இருக்குது. ரயில் வரணும்."

"அவ்வளவுதாண்டி படம்" என்றாள் பாகம்பிரியாள். "புத்தகம்தான் தப்பு. தப்பா எழுதிட்டேன்."

"இது நீங்க எழுதல, அண்ணாமலைதாசன் எழுதினது. பேரு போட்டிருக்குது, பாருங்க."

"அந்தப் பேர் நான்தாண்டி கண்ணு."

வெளியே போய்க்கொண்டிருந்த கோயில் தெருக்காரி ஒருத்தி நின்று திரும்பிப் பார்த்தாள். பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள் பாகம்பிரியாள்.

திரௌபதி அட்டையையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்போ எங்கம்மா?"

"வரமாட்டா. வேலூர்லயே செத்துப்போயிட்டா."

"தெரிஞ்சிருந்தும் வருவாங்கன்னு ஏன் எழுதினீங்க?"

மடியைச் சொல்வதா, நாலு மணியைச் சொல்வதா? "தெரியாது கண்ணு. முடிவைப் பார்க்காம எழுந்து போயிட்டேன். அந்த அம்மா வரணும்னு எனக்கு அவ்வளவு ஆசையா இருந்தது. எழுதிட்டேன்."

திரௌபதி வெறும் திரையைப் பார்த்தாள்.

"எனக்கும்தான் ஆசையா இருந்துச்சு" என்றாள்.

சொல்லிவிட்டுத்தான் அழ ஆரம்பித்தாள். அம்மா பஸ் ஏறிப்போன நாளிலிருந்து அழாத அழுகை. கொட்டகை பெருக்க வந்தவள் துடைப்பத்தோடு அப்படியே நின்றுவிட்டாள். ஜோதியம்மாள் தூக்கிக்கொள்ளக் கையை நீட்டினாள், குழந்தை தட்டிவிட்டது. மறுபடி நீட்டினாள், மறுபடி தட்டிவிட்டது. ஜோதியம்மாள் கையை எடுக்கவில்லை. கடைசியில் தட்டிவிடவும் தெம்பில்லாமல் திரௌபதி அந்தக் கையிலேயே சாய்ந்துகொண்டு அழுதாள்.